மேழி பிடித்த ஆசான்: சாம் ஹிக்கின்பாட்டம்

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் கல்யாண மகாலையும் இராஜகிரியின் உச்சியையும் பார்த்து வியப்பர். அடிவாரத்தில் பருத்த சுவர்களோடு நிற்கும் களஞ்சியங்களின் முன் நெடுநேரம் நிற்பவர் சிலரே. முற்றுகை மாதக்கணக்கில் நீண்டாலும் கோட்டை தாக்குப் பிடித்ததற்கு அந்தக் களஞ்சியங்களில் குவிந்திருந்த நெல்லும் ஒரு காரணம். 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட தேசிங்குராசனைப் பற்றிக் கதைப்பாடல் உண்டு. அவன் ஏறிய குதிரைக்கும் அதில் புகழ் உண்டு. அந்த நெல்லை விளைவித்த கைகளைப் பற்றி நாட்டில் பாட்டில்லை. வள்ளுவர் உழவுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். கம்பர் பெயரில் ஏரெழுபது வழங்குகிறது. எனினும் ஏட்டில் உழவைப் போற்றிய சமுதாயம், ஏடு பிடித்த கை ஏர் பிடிக்கலாகாது என்று நெடுங்காலம் கருதியே வந்தது. கற்றவன் நிலத்தை விட்டு விலகுவதே கல்வியின் பயன் எனப் பெற்றோர் எண்ணினர், இன்றும் எண்ணுகின்றனர்.

இந்த எண்ணத்தோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கு நின்ற ஒருவர் கங்கையும் யமுனையும் கூடும் அலகாபாத்தில் வாழ்ந்தார். அவர் தமிழர் அல்லர், இந்தியரும் அல்லர். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் கற்று, சமயப் பணிக்கென வந்து, ஈற்றில் ஒரு வேளாண் கல்லூரியை நிறுவியவர். சாம் ஹிக்கின்பாட்டம் என்னும் அவருடைய பெயர் ஒரு காலத்தில் காந்தியடிகள் முதல் சமஸ்தான மன்னர்கள் வரை பலர்க்கும் பழக்கமானது. தமிழ்நாட்டில் அவரை அறிந்தோர் குறைவு.

வேளாண்மையைப் பள்ளியில் கற்பிக்கும் முயற்சி அவருக்கு முன்பே நம் மாநிலத்தில் தொடங்கிவிட்டது என்பதை மறத்தல் ஆகாது. சென்னைக்கு அருகே சைதாப்பேட்டையில் 1860-களில் அரசு ஒரு சோதனைப் பண்ணையை அமைத்தது. நீராவிக் கலப்பை உள்ளிட்ட கருவிகள் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தன. 1868-இல் அங்கே வேளாண் பள்ளி தோன்றியது. பின்னர் அது கல்லூரியாயிற்று. 1906-இல் கோவைக்கு இடம் பெயர்ந்தது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதன் வழித்தோன்றலே. சைதாப்பேட்டையில் நல்ல ஆசிரியர்கள் இருந்தனர், நிலமும் இருந்தது. ஆனால் பயின்றவர்களில் பலர்க்கும் கண் அரசு உத்தியோகத்தின் மீதே இருந்தது. சீமைக் கருவிகள் நம் மாடுகளுக்கு இழுக்கவொண்ணாத பளுவாயின. அலகாபாத்திலும் இவ்விரு இடர்களும் எதிர்ப்பட்டன. ஒன்றை ஹிக்கின்பாட்டம் பெரும்பாலும் வென்றார். மற்றொன்றை அவரால் முழுதும் வெல்ல முடியவில்லை.

சாம் 1874-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 27-ஆம் நாள் மான்செஸ்டர் நகரில் பிறந்தார். வளர்ந்தது வேல்ஸ் நாட்டுக் கடற்கரை ஊரில். குடும்பம் எளியது. இருபது வயதளவில் அமெரிக்கா சென்று, மாசசூசெட்ஸ் மாநிலத்து மவுண்ட் ஹெர்மன் பள்ளியில் சேர்ந்தார். புகழ்பெற்ற சமயச் சொற்பொழிவாளர் மூடி, வசதியற்ற இளைஞர்களுக்காக நிறுவிய பள்ளி அது. அங்கே மாணவர் எவரும் நாள்தோறும் சில மணி நேரம் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். பண்ணை, மாட்டுத் தொழுவம், சமையற்கூடம், சலவைக்கூடம் எனப் பள்ளியின் அன்றாட வாழ்வை மாணவர் கைகளே நடத்தின. கட்டணம் செலுத்த இயலாதவர்க்கு இரங்கிச் செய்த ஏற்பாடு அன்று அது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே விதிதான். பின்னாளில் நைனியில் ஹிக்கின்பாட்டம் வகுத்த கல்வி முறைக்கு வித்து இங்கே ஊன்றப்பட்டது என்று கொள்வதில் பிழையில்லை.

அதன் பின் ஆமெர்ஸ்ட் கல்லூரியிலும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் பயின்று 1903-இல் பட்டம் பெற்றார். குருத்துவக் கல்வி பெறுவதே அவர் திட்டம். இடையில், இந்தியாவில் பணியாற்றி வந்த ஒரு மிஷனரியின் சந்திப்பு வாய்த்தது. வட இந்தியக் கிராமங்களில் ஒடுக்கப்பட்ட மக்களிடையே பணி செய்ய ஆட்கள் தேவை என்று கேட்டதும், குருப்பட்டத்துக்குக் காத்திராமல் புறப்பட்டுவிட்டார். அவ்வாண்டே பிரெஸ்பிட்டீரியன் சபையின் சார்பில் இந்தியா வந்தார்.

வந்த இடத்தில் காத்திருந்ததோ வேறு. அலகாபாத் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியர் பற்றாக்குறை. கிராமத்துக்குச் செல்ல வந்தவரை வகுப்பறையில் நிறுத்திப் பொருளாதாரம் கற்பிக்கச் சொன்னார்கள். விரும்பி வந்த பணி கிட்டவில்லை. ஆனால் இந்த ஏமாற்றம் நேர்ந்திராவிடில் அவர் வாழ்வு வேறு திசையில் போயிருக்கும். கலப்பைக்கு அவரை இட்டுச் சென்றது பொருளாதார வகுப்பறையே.

கல்லூரிப் பணியோடு யமுனையின் தென்கரையிலுள்ள நைனியில் தொழுநோயாளர் இல்லம் ஒன்றின் பொறுப்பும் அவரிடம் வந்தது. நைனி என்றதும் நம்மவர்க்கு அங்குள்ள சிறைச்சாலை நினைவுக்கு வரும். நேரு 1930-இல் தம் மகளுக்கு உலக வரலாற்றுக் கடிதங்களை எழுதத் தொடங்கிய சிறை அது. சிதைந்த குடிசைகளும் போதிய உணவின்மையுமாக இருந்த இல்லத்தை ஹிக்கின்பாட்டம் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுச் சீரமைத்தார். 1904-இல் அவர் மணந்த எத்தலிண்ட் கோடி அம்மையார் இப்பணியில் ஒருபாதி. அக்காலத்தில் தொழுநோய்க்கு உறுதியான மருந்தில்லை. ஊரார் அஞ்சி ஒதுக்கிய மனிதர்களோடு இத்தம்பதியர் பழகிய விதம், அலகாபாத் மக்களிடையே எந்தப் பிரசங்கத்தினும் மிகுந்த மதிப்பை அவர்களுக்கு ஈட்டித் தந்தது.

இனி வகுப்பறைக்கு வருவோம். அவர் கற்பித்த பாடநூல்கள் ஆங்கில நாட்டுத் தொழிற்சாலைகளையும் வங்கிகளையும் கருத்திற் கொண்டு எழுதப்பட்டவை. மாணவர் அவற்றை வரி பிசகாமல் மனனம் செய்து ஒப்பித்தனர். நூலில் உள்ள கோட்பாட்டுக்கும் கல்லூரி மதிலுக்கு வெளியே தெரியும் கிராமத்துக்கும் என்ன உறவு என்று கேட்டால் விடையில்லை. எனவே மாணவர்களை அழைத்துக் கொண்டு கிராமங்களுக்குச் சென்றார். இந்தியாவில் பொருளாதாரம் என்றால் அது வயலின் பொருளாதாரமே என்பது அவருக்கு அங்கே விளங்கிற்று. மேலெழுந்தவாரியாகக் கீறும் மரக்கலப்பை, மேய்ச்சலின்றி எலும்பும் தோலுமான மாடுகள், எருவாக வேண்டிய சாணம் எரிபொருளாகும் நிலை, மழைநீர் வாரிக்கொண்டு போகும் மேல்மண், வட்டிக்கணக்கு இவையே பாடமாயின. சமயம் மாறினாலும் பட்டினி மாறாத குடும்பங்களையும் கண்டார். பசித்தவனிடம் சமயம் பேசுவதற்கு முன் அவன் நிலத்தில் இன்னும் ஒரு மூட்டை விளைய வழி சொல்ல வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

வழி சொல்லத் தமக்கே தெரியாது என்பதையும் உடன் உணர்ந்தார். இதுதான் அவர் வாழ்வின் திருப்பம். முப்பத்தைந்து வயதில், மனைவி மக்களோடு, ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றுப் பேராசிரியர் என்று மதிக்கப்படுபவர், மீண்டும் மாணவராக அமர்வது எளிதன்று. 1909-இல் அமெரிக்கா திரும்பி ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்று 1911-இல் அதிலும் பட்டம் பெற்றார். கூடவே நன்கொடை திரட்டும் வேலையும் நடந்தது. மிஷன் சபையில் ஒருமித்த ஆதரவு இல்லை. ஆன்மாவை மீட்க அனுப்பப்பட்டவர் மாடு வளர்ப்பதா, நற்செய்திக்கென மக்கள் கொடுக்கும் காசு எருக்குழிக்குப் போவதா என்னும் ஐயம் சபையினர்க்கு நியாயமானதாகவே பட்டது. அனுமதி கிடைத்தது, பணத்தை அவரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. 30,000 டாலர் திரட்டிக் கொண்டு இந்தியா திரும்பினார். இதன் பின் வாழ்நாள் முழுதும் சில ஆண்டுக்கொரு முறை கப்பலேறி அமெரிக்க நகரங்களில் கையேந்துவது அவர் பணியின் ஒரு பகுதியாயிற்று.

யமுனைக் கரையில் நைனியை அடுத்து 275 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. 1910-ஐயே நிறுவனத்தின் தோற்ற ஆண்டாகக் குறிப்பர். நிலத்தைப் பார்த்தவர்கள் தலையில் அடித்துக் கொண்டிருப்பர். ஆற்றை நோக்கி ஓடும் மழைநீர் அறுத்த ஓடைப் பள்ளங்கள் ஒருபுறம். களை மண்டிய கரம்பு ஒருபுறம். அந்தக் களைகளின் பெயரைக் கேட்டால் தமிழ் வாசகர்க்கு வியப்பு உண்டாகும். காம்சு என்று அங்கு சொல்லப்படுவது நம் ஊர் நாணல் இனம். பேய்க்கரும்பு என்றும் சொல்வர். குசம் என்பது தருப்பை. தூப் என்பது அருகம்புல். பிள்ளையாருக்கு அருகு, சடங்குக்குத் தருப்பை, கவிஞர்க்கு ஆற்றங்கரை நாணல். உழவனுக்கோ இம்மூன்றும் தீராத பகை. மேலே அறுத்தால் கீழே தழைக்கும். ஆழ ஓடிய வேர்த்தண்டின் ஒரு கணு எஞ்சினாலும் மறுபடி முளைக்கும். நாட்டுக் கலப்பை அவற்றின் வேரைத் தொடுவதே இல்லை.

ஹிக்கின்பாட்டம் கையாண்ட முறை மந்திரமன்று. கோடைக்கு முன்பே மண்ணைப் புரட்டும் இரும்புக் கலப்பையால் ஆழ உழுது, வேர்களை வெயிலில் கிடத்திக் காயவிட்டார். வட இந்தியக் கோடையின் கொடும் வெப்பம் அவருக்குக் கூலியில்லா ஆளாயிற்று. ஓடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பி மழைநீரைத் தேக்கினார்; ஆற்றுக்கு ஓடிய மண் வயலிலேயே படிந்தது. பசுந்தீவனத்தைக் குழியிலிட்டு அழுத்தி மூடிப் பதப்படுத்திக் கோடையில் மாடுகளுக்குக் கொடுத்தார். இவை யாவும் பிற நாடுகளில் தெரிந்த செய்திகளே. ஆனால் அலகாபாத் வட்டாரத்து உழவன் தன் வயலை ஒத்த, அதைவிடக் கெட்டுப் போன நிலத்தில் இவை பலிப்பதைக் கண்ணால் கண்டான். வளமான நிலத்தில் விளைவித்துக் காட்டியிருந்தால், துரைக்கு நல்ல மண் வாய்த்தது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான்.

இவ்விடத்தில் ஒரு தற்செயல் ஒற்றுமையைச் சொல்லாமல் போக மனமில்லை. நைனியில் நாணலை ஒழிக்க ஒருவர் கலப்பையோடு போராடிய அதே காலத்தில், 1912-இல், கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் அவர்தம் உதவியாளர் டி.எஸ். வெங்கட்ராமனும் அதே பேய்க்கரும்பை வெள்ளை என்னும் கரும்போடு ஒட்டினர். அந்த ஒட்டில் பிறந்ததே கோ 205. 1918-இல் வட இந்திய உழவர்க்குக் கொடுக்கப்பட்ட இக்கரும்பு, களையின் வலிமையையும் கரும்பின் இனிமையையும் ஒருங்கே கொண்டது. செஞ்சி, விழுப்புரம் வட்டாரத்தில் ஆலைக்குப் போகும் கரும்பிலும் அப்பேய்க்கரும்பின் குருதி ஓடுகிறது. ஒருவர்க்குப் பகையான புல் மற்றொருவர்க்கு மருமகளாயிற்று.

நிலத்தைத் திருத்தியதினும் மாணவரைத் திருத்துவது கடினமாயிருந்தது. வந்தவர்களில் நிலக்கிழார் வீட்டுப் பிள்ளைகள் இருந்தனர், உயர்சாதியினர் இருந்தனர், படிப்பென்றால் உத்தியோகம் என்று நம்பியவர் பலர். அவர்கள் வேளாண்மை கற்க வந்தனர், உழ வரவில்லை. நைனியில் இவ்விரண்டையும் பிரிக்க இடமில்லை. ஏட்டுப் பாடம் முற்பகல் என்றால் தொழுவமும் வயலும் அதன் தொடர்ச்சி. மாடு கறக்க வேண்டும். கலப்பையில் மாடு பூட்டிச் சால் கோணாமல் ஓட்ட வேண்டும். எரு சுமக்க வேண்டும். ஆசிரியர் வரப்பில் நின்று ஆணையிடுவதும் இல்லை. முதல்வரே மேழி பிடித்து முன்னே போவார். பேராசிரியர் கையில் சேறு இருக்கும்போது, மாணவன் தன் கையைப் பின்னால் மறைத்துக் கொள்வது அரிது.

உடலுழைப்பால் ஒழுக்கம் வளரும் என்பதற்காக மட்டும் அவர் இதைச் செய்யவில்லை. கைக்கு மட்டுமே தெரியும் செய்திகள் சில உண்டு. மண்ணில் உழவுக்கேற்ற ஈரம் இருக்கிறதா என்பதைப் பிடித்துப் பார்த்தே அறிய வேண்டும். நுகத்தடி தாழ்ந்திருந்தால் கொழு எவ்வளவு இறங்கும் என்பது நூலில் அளவாக எழுதப்பட்டிருக்கலாம்; பிடித்தவனுக்கே புரியும். பசு மடியை உதறுவது நோவினாலா பழக்கமின்மையாலா என்பதும் அப்படியே. இவற்றை அறியாத பட்டதாரி கிராமத்துக்குச் சென்று உழவனுக்கு அறிவுரை சொன்னால், இரண்டாவது வாக்கியத்திலேயே உழவன் அவனை எடை போட்டுவிடுவான். சைதாப்பேட்டை நாள் தொட்டு வேளாண் கல்வி எதிர்கொண்ட நகைப்பு இதுவே. கவிதை எழுதுவோர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. நாற்றங்காலில் கால் வைக்காமல் எழுதப்பட்ட நாற்றுப் பாடல்களை உழத்தியர் எவரும் பாடியதில்லை.

இந்த முயற்சி எந்த அளவு பலித்தது? நேர்மையாகச் சொன்னால், பாதி. நைனியில் பயின்றோர் கலப்பை பிடிக்க நாணாதவர்களாக வெளியேறினர். ஆனால் அவர்களுள் பலர் சென்றடைந்தது அரசு வேளாண் துறையும், சமஸ்தானப் பண்ணைகளும், பிற கல்வி நிலையங்களுமே. தம் சொந்த வயலுக்குத் திரும்பியோர் குறைவு. நிலம் சிதறிய, கடன் மூழ்கிய, மழையை நம்பிய நாட்டில், கற்ற இளைஞன் மாதச் சம்பளத்தை விட்டு நிலத்துக்குத் திரும்பாததைக் குறையாகச் சொல்லவும் நா எழவில்லை. கல்வியால் மட்டும் திருத்தக்கூடிய கோணல் அன்று அது.

1916-ஆம் ஆண்டு பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழகத் தொடக்க விழாவையொட்டிச் சொற்பொழிவுகள் நடந்தன. மன்னர்களும் அறிஞர்களும் கூடிய அவ்விழாவில் ஹிக்கின்பாட்டம் வேளாண்மை குறித்து உரையாற்றினார். மறுநாள் காந்தியடிகள் பேசினார். மன்னர்களின் அணிமணிகளையும் நாட்டின் வறுமையையும் ஒப்பிட்டுக் கடிந்துரைத்து, அன்னி பெசன்ட் அம்மையார் இடைமறிக்க, மன்னர்கள் எழுந்து போக, பாதியில் நின்ற அந்தப் பேச்சு வரலாற்றில் இடம் பெற்றது. உழவர்களே நாட்டின் மீட்சி என்று வாதிட்ட இடத்தில், முந்தைய இரவு கேட்ட ஹிக்கின்பாட்டத்தின் உரையைக் காந்தியடிகள் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதைப் பலரும் கவனிப்பதில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி ஓராண்டே ஆகியிருந்த ஒரு வழக்கறிஞரும், நைனியில் களையெடுத்துக் கொண்டிருந்த ஒரு வெள்ளையரும் அன்று ஒரே இடத்தைச் சுட்டினர்.

அதே ஆண்டு முதல் 1919 வரை குவாலியர் சமஸ்தானத்தின் வேளாண் துறையை நடத்தும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. 1921-இல் தம் கொள்கையை விளக்கி நற்செய்தியும் கலப்பையும் என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூல் ஒன்று வெளியிட்டார். இவற்றினும் பயன்மிக்க நிகழ்ச்சி அவ்வாண்டு நடந்தது: மேசன் வாஹ் என்னும் வேளாண் பொறியாளர் நைனி வந்து சேர்ந்தார்.

சீமைக் கலப்பைக்கும் நாட்டு மாட்டுக்கும் இருந்த பிணக்கைத் தீர்த்தவர் இவர். சைதாப்பேட்டையில் நேர்ந்த தவறு, கருவியை முதலில் கொணர்ந்து, பிறகு அதற்கேற்ற மாட்டையும் உழவனையும் தேடியது. வாஹ் மாட்டிலிருந்து தொடங்கினார். ஓர் இணை நாட்டு மாடு களைப்பின்றி இழுக்கக்கூடிய பளு எவ்வளவு, உழவன் கொடுக்கக்கூடிய விலை எவ்வளவு, ஊர்க் கொல்லன் பழுது பார்க்க இயலுமா என்பனவே அவர் முன்னிருந்த வினாக்கள். நைனிப் பட்டறையில் உருவான மண் புரட்டும் கலப்பைகளுக்கு வாஹ் வாஹ், சாபாஷ் என்று பெயரிட்டனர். ஒன்றில் பொறியாளர் பெயரும் பாராட்டும் ஒன்றாய்க் கலந்துவிட்ட அந்தக் குறும்பு இரசிக்கத்தக்கது. அந்தப் பட்டறையே வளர்ந்து வேளாண் பொறியியல் துறையாகி, 1942-இல் இந்தியாவிலேயே முதன்முறையாக அத்துறையில் பட்ட வகுப்பு நைனியில் தொடங்கிற்று. கொல்லுலையிலிருந்து பட்டப்படிப்பு பிறந்ததே தவிர, படிப்பிலிருந்து உலை பிறக்கவில்லை. கால்நடையிலும் இவ்வாறே: சிந்திப் பசுவை ஜெர்சிக் காளையோடு கலந்து ஜெர்சிந்த் என்னும் கலப்பினம் இங்கு உருவாக்கப்பட்டது.

நைனியிலிருந்து பறந்த விதைகளில் ஒன்று வங்காளத்தில் விழுந்தது. முதல் உலகப் போர்க்காலத்தில் இந்தியா வந்த லெனர்டு எல்ம்ஹர்ஸ்ட் என்னும் ஆங்கில இளைஞர் ஹிக்கின்பாட்டத்தோடு பழகி, அவர் தூண்டுதலால் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் சென்று வேளாண்மை கற்றார். அங்கிருந்தபோது கவி இரவீந்திரரின் அழைப்பு வந்தது. 1922-இல் சாந்திநிகேதனை அடுத்த சுரூலில் அவர் முன்னின்று தொடங்கிய கிராமச் சீரமைப்பு நிலையமே ஸ்ரீநிகேதன். கவிஞர் ஒருவர் தம் கல்விச்சாலையின் பக்கத்திலேயே உழவுக்கும் கைத்தொழிலுக்கும் ஒரு சாலை அமைத்த வரலாற்றின் ஓர் இழை நைனி வரை நீளுகிறது. தமிழ் வழங்கும் பகுதிகளிலும் அதே காலத்தில் இத்தகைய காற்று வீசியது. சேலத்தில் பிறந்த கே.டி. பால் கிராமப் பணியில் ஈடுபடுத்திய கிறித்தவ இளைஞர் சங்கம், ஸ்பென்சர் ஹாட்சின் தலைமையில் மார்த்தாண்டத்தில் நிலையம் அமைத்தது. மார்த்தாண்டம் தேன் இன்று பெற்றுள்ள பெயருக்கு அந்நிலையத்தின் தேனீப் பெட்டிகளும் ஒரு காரணம். ஆர்க்காடு மிஷன் காட்பாடியில் நடத்திய வேளாண் நிலையமும் இந்த அணியைச் சேர்ந்ததே.

ஹிக்கின்பாட்டத்தைக் குறையற்றவர் என்று காட்டுவது அவருக்கே பிடித்திராது. அவருடைய எழுத்துகளில் இந்தியச் சமயங்கள், பழக்க வழக்கங்கள் பற்றிய பகுதிகள் இன்று படிப்போரை உறுத்தும். நம் வறுமைக்குச் சாதியையும் மூடநம்பிக்கையையும் காரணம் காட்டிய அளவுக்கு, வரியும் ஆட்சியும் செய்த கேட்டை அவர் எடை போடவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியின் நன்மையில் அவருக்கிருந்த நம்பிக்கை, தேசிய இயக்கத்தாரை அவரிடமிருந்து சற்று விலக்கியே வைத்தது. மறுபுறம், மிஷனரிகளில் ஒரு சாரார் அவரை உலகியலில் அமிழ்ந்தவர் என்றனர். எத்தனை பேரை மதம் மாற்றினீர் என்ற வினாவுக்கு, இத்தனை ஏக்கர் திருத்தினோம் என்பது விடையாகாது என்பது அவர்கள் கட்சி. இரு தரப்பாரின் ஐயத்துக்கும் நடுவிலேதான் நைனி வளர்ந்தது.

எனினும் காந்தியடிகள் அவரை விட்டுவிடவில்லை. 1934 இறுதியில் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் அமைந்தபோது, ஆலோசகர்களாகப் பெயர் தந்தோரில் தாகூர், ஜெகதீச சந்திர போஸ், சி.வி. இராமன் முதலானோருடன் ஹிக்கின்பாட்டமும் இடம் பெற்றார். அச்சங்கத்தின் செயலாளர் தஞ்சையிற் பிறந்த நம் ஜே.சி. குமரப்பா. குமரப்பாவும் அமெரிக்காவில் பொருளாதாரம் பயின்றவரே. அவரும் பாடநூற் பொருளாதாரத்தைக் கிராமத்தில் உரசிப் பார்த்து வேறு முடிவுக்கு வந்தவர். கிராமத்தைக் கிராமத்தின் வலிமையிலேயே நிறுத்த வேண்டும் என்றார் குமரப்பா. எது விளைச்சலைக் கூட்டுமோ அதை எந்த நாட்டிலிருந்தும் கொணரலாம் என்றார் ஹிக்கின்பாட்டம். இயந்திரத்தைக் கண்டு அவர் அஞ்சவில்லை. பிற்காலத்தில் டிராக்டரும் உர மூட்டையும் நம் வயலுக்கு வந்தபோது முதலாமவரின் எச்சரிக்கையைக் கேட்டிருக்கலாமே என்று இப்பொழுது பலர் சொல்கின்றனர். ஆனால் கோடை உழவு, மழைநீரைத் தேக்கும் கரை, எருவைக் காத்தல் ஆகியவற்றில் இருவரும் ஒன்றே. செஞ்சிப் பக்கத்து மானாவாரி மல்லாட்டைக் கொல்லைகளுக்கு இன்றும் வேண்டியவை இவையே.

1939-இல் அமெரிக்கப் பிரெஸ்பிட்டீரியன் சபை தன் உயர்ந்த பதவியாகிய தலைமை நடுவர் பொறுப்பை அவருக்கு அளித்தது. குருப்பட்டம் பெறாத ஒரு குடியானவருக்கு இது வாய்த்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் மாட்டுத் தொழுவத்துக்குக் காசில்லை என்று தயங்கிய சபையும் இதுவே. உலகப் போர் முடியும் தறுவாயில், ஏறத்தாழ எழுபது வயதில், நைனிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று அமெரிக்கா திரும்பினார். 1949-இல் தன்வரலாறு வெளியிட்டார். நூலின் தலைப்பில் தம் பெயரோடு அவர் சேர்த்துக் கொண்டது பேராசிரியர் என்றோ நிறுவனர் என்றோ அன்று. உழவர் என்ற ஒரு சொல்லே. 1958 ஜூன் திங்களில் நியூயார்க் மாநிலத்தில் காலமானார்.

அலகாபாத் வேளாண் கல்விக்கழகம் 2000-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 2009-இல் நிறுவனருடைய பெயரைத் தன் பெயராக ஏற்றது. 2016-இல் உத்தரப் பிரதேசச் சட்டமன்றத்தின் சட்டத்தால் முழுப் பல்கலைக்கழகமாக மாறியது. 2018-இல் அலகாபாத் நகரின் பெயரே பிரயாக்ராஜ் ஆனது. யமுனைக் கரையிலுள்ள அந்த ஊரை மட்டும் மக்கள் இன்றும் நைனி என்றே அழைக்கின்றனர்.